கிக்கரைத் திட்டுவதற்கு முன் டிரைவ் சார்ட்டைத் திறங்கள்

சனிக்கிழமை ஆட்டம் முடிந்த பத்து நிமிடத்துக்குள் நான்கு தீர்ப்புகள் வந்துவிடும். கிக்கரைத் தூக்கு. குவார்ட்டர்பேக்கை உட்காரவை. கோச்சைத் துரத்து. நடுவர் விலைபோய்விட்டார். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்த அணி தோற்றாலும் இந்த நான்கும்தான். வரிசை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். (கிக்கர் பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்; குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்.)

கோபப்படுவதில் தப்பே இல்லை. வழக்கமான சீசனுக்கு 12 ஆட்டம்தான். சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் நான்கு அணி மட்டும் இருந்த 2014 முதல் 2023 வரையிலான சீசன்களில் இரண்டு ஆட்டம் தோற்ற ஒரு அணிகூட உள்ளே போனதில்லை. அதாவது செப்டம்பரில் ஒரு தோல்வி என்றால் டிசம்பர் வரை கயிற்றின் மேல் நடை. 2024-இல் அது 12 அணியாக விரிந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, அவ்வளவுதான். ஆக, ரசிகர் எரிவது நியாயம். ஆனால் அந்த எரிச்சல் போய்ச் சேரும் விலாசம் பெரும்பாலும் தப்பு. கடைசியாகப் பந்தைத் தொட்டவர் மேல் போய் விழுகிறது. ஆட்டம் அவர் கைக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே கோணலாகியிருக்கும்.

இதற்கு 2013 நவம்பர் 30-ஐ விடப் பெரிய உதாரணம் தேவையில்லை. அலபாமா, ஆபர்ன் அணிகள், 28-28 சமநிலை. ரீப்ளே பார்த்து கடிகாரத்தில் ஒரே ஒரு நொடி திருப்பிக் கொடுக்கிறார்கள். அலபாமா 57 யார்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) முயல்கிறது. பந்து குறைவாக விழ, மைதான முனையான எண்ட் ஸோனின் பின்கோட்டருகே நின்ற ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து எதிர் முனை எண்ட் ஸோன் வரை ஓடி ஆறு புள்ளி டச்டவுன் போட்டார். 34-28. அன்றிரவு அலபாமா ரசிகர்கள் குதறியது கிக்கர்களைத்தான். முக்கியமாக, அதே ஆட்டத்தில் முன்பு மூன்று முயற்சிகளில் வெறுங்கையோடு திரும்பிய கேட் ஃபாஸ்டரை. கொலை மிரட்டல் வரை போனது. 43-ஆம் எண் ஜெர்சி போட்ட அந்தப் பையனுக்கு 43-ஆவது ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதும் நிலை.

அந்த மூன்றில் ஒன்று தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்ட கிக் என்றால் முன்வரிசைத் தடுப்பான லைன் தளர்ந்தது என்பதும் ஒரு காரணம். கிக்கர் மட்டும் அல்ல. நான்காவது குவார்ட்டரில் ஏழு புள்ளி முன்னிலையில், ஆபர்னின் 13 யார்டு கோட்டில், நான்காவது டவுனுக்கு ஒரே ஒரு யார்டு தேவை என்ற நிலையில் அலபாமா ஓடிப் பார்த்து மாட்டிக்கொண்டது. (பத்து யார்டு நகர நான்கு முயற்சி; ஒவ்வொன்றும் ஒரு டவுன். பத்து போனால் மறுபடி ஃபர்ஸ்ட் டவுன்.) அந்த ஒரு யார்டு கிடைத்திருந்தால் கடைசி நொடிக்கே வேலை இல்லை. இன்னொன்று: ஃபீல்ட் கோல் அணியில் நிற்பவர்கள் பெரும்பாலும் 300 பவுண்டு லைன்மேன்கள். ஓடி வருபவனைத் துரத்திப் பிடிக்க ஏற்ற ஆட்கள் அல்ல. எண்ட் ஸோனில் ஒருவர் நிற்பது தெரிந்த பிறகும் உதைத்தவுடன் அகல விரியும் ஏற்பாடு இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, அதுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

மொத்த எண்களை மட்டும் தரும் பாக்ஸ் ஸ்கோரை மூடுங்கள். முதலில் டிரைவ் சார்ட். ஒவ்வொரு முறை பந்து கையில் கிடைத்தபோதும் எந்த யார்டு கோட்டில் தொடங்கினார்கள், எத்தனை ப்ளே (ஒவ்வொரு முயற்சியும் ஒரு ப்ளே), எத்தனை யார்டு, எப்படி முடிந்தது என்று ஒரு பக்கத்தில் இருக்கும். ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் சுமார் 12 டிரைவ் கிடைக்கும். அதில் எதிரணியின் 40 யார்டு கோட்டைத் தாண்டி ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தவை எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு அவற்றில் மொத்தம் எத்தனை புள்ளி வந்தது என்று வகுத்துப் பாருங்கள். ஆறு முறை உள்ளே போய் 16 புள்ளி என்றால் ஒரு வாய்ப்புக்கு இரண்டே முக்கால்கூட இல்லை. வண்டி ஓடியிருக்கிறது, வாசல்வரை வந்து நின்றுவிட்டது. இரண்டே முறைதான் உள்ளே போனார்கள் என்றால் அது வேறு நோய். அங்கே கிக்கரைப் பற்றிப் பேசுவதே வீண்.

அடுத்து ஓட்டக் கணக்கு. இதில் ஏமாறாத ரசிகர் குறைவு. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-இல் குவார்ட்டர்பேக் சாக் ஆனால், அதாவது பந்தை எறியும் முன் வீழ்த்தப்பட்டால், இழந்த யார்டுகள் பாஸிங் கணக்கில் கழியும். கல்லூரி ஆட்டத்தில் அது ரஷ்ஷிங், அதாவது ஓட்டக் கணக்கில் கழியும். பாக்ஸ் ஸ்கோரில் 32 ஓட்டம், 95 யார்டு என்று இருக்கும்; ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூட இல்லையே என்று பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கை வறுப்பார்கள். அதில் ஐந்து சாக், 38 யார்டு இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டால் 27 ஓட்டம், 133 யார்டு. ஓட்டத்துக்கு ஏறக்குறைய 4.9. ஓட்டம் நன்றாகவே இருந்திருக்கிறது. பிரச்சினை பாஸ் பாதுகாப்பில். அதையும் மீறிப் பிரச்சினை, ஓடுவது பலித்துக்கொண்டிருக்கும்போது பாஸ் போடச் சொன்னவரிடம்.

சராசரியையும் முழுசாக நம்பாதீர்கள். ஒரே ஒரு 60 யார்டு ஓட்டம் மொத்தக் கணக்கையும் அழகாக்கிவிடும். வெற்றி விகிதம் என்று ஒன்று இருக்கிறது; பேனாவும் ப்ளே-பை-ப்ளே பக்கமும் போதும். முதல் டவுனில் தேவையான யார்டில் பாதி கிடைத்தால் அந்த ப்ளே வெற்றி. இரண்டாவது டவுனில் 70 சதவீதம். மூன்றிலும் நான்கிலும் முழுசும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு ப்ளேக்கும் ஒரு டிக் அல்லது ஒரு கோடு. நல்ல அணி பத்தில் நான்கரை, ஐந்து டிக் வாங்கும். மூன்று, மூன்றரையில் நின்றால் தாக்கும் பிரிவான அந்த அஃபென்ஸ் அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

'தேர்ட் டவுனில் சொதப்பல்' என்று எல்லோரும் சொல்வார்கள். சொதப்பல் தேர்ட் டவுனில் பிறப்பதில்லை. மூன்று யார்டுக்குள் தேவை என்றால் பாதிக்கு மேல் கிடைத்துவிடும்; பத்துக்கு மேல் தேவை என்றால் நான்கில் ஒன்றுகூட தேறாது. ஆகவே தேர்ட் டவுன்களின் சராசரித் தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அது எட்டு, ஒன்பது என்று வந்தால் குற்றவாளி முதல் டவுன். முதல் டவுனில் ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஆட்டம் தொடங்கும் முன் அசைந்துவிடுவது), ஐந்து யார்டு பின்னால். ஒரு மெதுவான அவுட்சைட் ஓட்டம், இரண்டு யார்டு இழப்பு. அங்கேயே அந்த டிரைவ் செத்துவிட்டது. தேர்ட் டவுனில் நடந்தது அடக்கம் மட்டும்.

தலைகீழாகவும் இது நடக்கும். 2024 அக்டோபர் 5, நாஷ்வில். முதலிடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று வீழ்த்தியது. வாண்டர்பில்ட் 18 தேர்ட் டவுன்களில் 12-இல் தேவையான யார்டை எடுத்தது. பந்து 42 நிமிடம் 8 நொடி அவர்கள் கையில். பந்து எவ்வளவு நேரம் கையில் இருந்தது என்ற எண்ணை நான் வழக்கமாகப் பெரிதாக மதிப்பதில்லை. வேகமாக ஆடி 45 புள்ளி போடும் அணியிடம் பந்து 25 நிமிடம்தான் இருக்கும். அது குறையே அல்ல. ஆனால் 60 நிமிடத்தில் 18 நிமிடம்கூடப் பந்தைப் பார்க்காத ஒரு அணிக்கு ஒவ்வொரு தவறும் இரண்டு மடங்கு விலை. ஒரு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது), ஒரு ஃபம்பிள் (கையிலிருந்த பந்தை நழுவவிடுவது) போதும். வெற்றி பெற்ற ரசிகர்கள் கோல் போஸ்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் கம்பர்லண்ட் ஆற்றில் போட்டார்கள். மைதானத்துக்குள் இறங்கியதற்காக அவர்கள் ஆடும் லீகான எஸ்.இ.சி. ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தது. வாண்டர்பில்ட்காரர்கள் அதைச் செலவாகவே நினைத்திருக்க மாட்டார்கள்.

டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் இழப்பது பற்றி ஒரு வார்த்தை. ஃபம்பிள் செய்வது ஆட்டக்காரரின் குற்றம். தரையில் உருண்ட பந்து யார் கைக்குப் போகிறது என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அந்தப் பந்தின் உருவம் அப்படி. நம் அணி மூன்று முறை பந்தை நழுவவிட்டு மூன்றும் எதிரிக்கே போனால், அதில் ஒன்றரை அதிர்ஷ்டத்தின் பங்கு. அதேபோல டிஃபென்ஸ் கையில் தட்டுப்பட்ட பாஸ்களில் ஐந்தில் ஒன்று வாக்கில்தான் இன்டர்செப்ஷன் ஆகும். நான்கு முறை தட்டி, நான்கையும் பிடித்த எதிரணி அடுத்த வாரமும் அதையே செய்யப்போவதில்லை. 'டர்ன்ஓவரால்தான் தோற்றோம்' என்று கோச் சொல்லும்போது இதைப் பிரித்துப் பாருங்கள். சில சமயம் அது உண்மை. சில சமயம் நல்ல போர்வை.

கடிகாரம்

இங்கே மட்டும் ரசிகர்கள் எவ்வளவு கத்தினாலும் தகும். கையில் திறமை இல்லாமல் தோற்பது வேறு. கூட்டல் கழித்தல் தெரியாமல் தோற்பது வேறு.

2023 அக்டோபர் 7. மயாமி 20, ஜார்ஜியா டெக் 17. பந்து மயாமியிடம், ஜார்ஜியா டெக்கின் 30 யார்டு கோட்டில், மூன்றாவது டவுன். மீதம் 33 நொடி. எதிரணிக்கு டைம் அவுட் ஒன்றும் இல்லை. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி மண்டி போட்டால் இரண்டு நொடி போகும். கடிகாரம் நிற்காது. அடுத்த ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ப்ளேயைத் தொடங்குவது) 40 நொடி அவகாசம் உண்டு. 31 நொடிதான் மீதம். ஆட்டம் முடிந்தது, கை குலுக்கிவிட்டுக் கிளம்பலாம். அவர்கள் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடச் சொன்னார்கள். 26 நொடி இருக்கும்போது ஃபம்பிள். ஜார்ஜியா டெக் நான்கு ப்ளேயில் 74 யார்டு போய், ஒரு நொடி மீதமிருக்கையில் 44 யார்டு டச்டவுன் போட்டது. 23-20. வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது இதுதான், அதுவும் தாழியைத் தானே கீழே போட்டு. அதே கோச் மாரியோ கிறிஸ்டோபால் 2018-இல் ஓரிகானில் இருந்தபோதும், ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக முன்னிலையில் இருந்துகொண்டு கடைசி நிமிடத்தில் ஓடச் சொல்லி, ஃபம்பிள் ஆகி, ஓவர்டைமில் 38-31 என்று தோற்ற கணக்கும் இருந்தது. மயாமி ரசிகர்கள் அன்று கொதித்ததில் ஒரு நியாயமும் குறையவில்லை.

மண்டி போடும் கணக்கு மனதில் நிற்கும் அளவுக்குச் சுலபம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, முதல் டவுன், எதிரணியிடம் டைம் அவுட் இல்லை: மூன்று மண்டி, ஒவ்வொன்றுக்கும் 40 சொச்சம் நொடி, ஆக இரண்டு நிமிடத்தை அப்படியே கரைக்கலாம். எதிரணியிடம் இருக்கும் ஒவ்வொரு டைம் அவுட்டுக்கும் 40 நொடி கழியுங்கள். ஒன்று இருந்தால் சுமார் 1:20. இரண்டு இருந்தால் சுமார் 40 நொடி. மூன்றும் இருந்தால் மண்டி போட்டு ஒன்றும் ஆகாது. ஒரு ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தே தீர வேண்டும். 2024 முதல் கல்லூரியிலும் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு நிமிடம் மீதமிருக்கும்போது கடிகாரம் தானாக நிற்கிறது. அதற்கு முன்னால் தொடங்கும் கணக்கில் அதை ஒரு டைம் அவுட்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய ரசிகர்கள் இன்னும் ஒரு இடத்தில் தடுமாறுகிறார்கள். முன்பெல்லாம் ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தால் கடிகாரம் கொஞ்சம் நிற்கும். 2023 முதல் அந்தச் சலுகை ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும். மூன்று நிமிடம் இருக்கிறது, தாராளமாக வரலாம் என்று நினைத்த காலம் போய்விட்டது.

மூன்றாவது குவார்ட்டரில் ப்ளே கிளாக், அதாவது அந்த 40 நொடி அவகாசம் முடியப்போகிறது என்று பதறி எடுக்கும் டைம் அவுட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமத அபராதம் ஐந்து யார்டு. அதைத் தவிர்க்க எடுத்த டைம் அவுட்டின் விலை கடைசியில் 40 நொடி. பெரும்பாலான சமயம் ஐந்து யார்டை விட்டுக்கொடுப்பதே லாபம். ஒரு ஆட்டத்தில் இப்படி இரண்டு போனால், அது கோச்சுக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் இடையே ப்ளே போய்ச் சேரும் வழியில் உள்ள கோளாறு. 2024 முதல் ஹெல்மெட்டுக்குள்ளேயே ரேடியோ அனுமதித்த பிறகு அதற்குச் சாக்கும் குறைவு.

இரண்டு புள்ளி வழக்கு

ரசிகர்கள் அதிகம் கத்தி, அதிகம் தவறுவது இங்கே. 14 புள்ளி பின்தங்கிய அணி நான்காவது குவார்ட்டரில் டச்டவுன் போடுகிறது. எட்டு வித்தியாசம். டச்டவுனுக்குப் பிறகு உதைத்தால் ஒரு புள்ளி; மறுபடி எண்ட் ஸோனுக்குள் போனால் இரண்டு. கோச் இரண்டு புள்ளிக்குப் போகிறார், தவறுகிறது, ஸ்டேடியமே சபிக்கிறது. ஆனால் கணக்கு அவர் பக்கம். எதிரணி இனிப் புள்ளி போடாது, நாம் இன்னொரு டச்டவுன் போடுவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நடக்காவிட்டால் எப்படியும் தோல்விதான். இரண்டு முறையும் ஒரு புள்ளி உதைத்தால் சமன், ஓவர்டைம், பாதி வாய்ப்பு. முதலிலேயே இரண்டுக்குப் போனால்: பலித்தால் அடுத்த முறை ஒரு புள்ளி உதைத்து நேரடி வெற்றி. தவறினால் அடுத்த முறை மறுபடி இரண்டுக்குப் போய்ச் சமன் செய்யலாம். பலிக்கும் வாய்ப்பு 42 சதவீதம் என்றால் மொத்த வெற்றி வாய்ப்பு 54 சதவீதம். 38 சதவீதத்துக்கு மேல் எதுவானாலும் லாபமே.

அதே ஆயுதத்தைச் சீக்கிரம் எடுத்தால் கையை வெட்டும். 2007 செப்டம்பர் 1, ஆன் ஆர்பரில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன், ஒரு படி கீழான எஃப்.சி.எஸ். பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றது. விருந்தாளிக்கு நான்கு லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்த ஆட்டம். கடைசியில் தடுக்கப்பட்ட ஃபீல்ட் கோல்தான் எல்லோருக்கும் ஞாபகம். இரண்டாம் பாதியில் மிச்சிகன் இரண்டு முறை இரண்டு புள்ளிக்குப் போய் இரண்டிலும் தவறியது என்பது பலருக்கு ஞாபகம் இல்லை. முதலாவது 31-26 என்று பின்தங்கியிருந்தபோது. ஆட்டம் இன்னும் நிறைய மீதம். இரண்டாவது, 32-31 முன்னிலையில் எடுத்த முடிவு, சரியே. தோற்றது இரண்டு புள்ளியில்.

கிக்கருக்கே திரும்புவோம். ஒவ்வொரு ப்ளேக்கும் பந்தை வைக்கும் எல்லை ஹாஷ் கோடுகள். கல்லூரி மைதானத்தில் அந்த இரண்டுக்கும் இடையே 40 அடி. என்.எஃப்.எல்-இல் 18 அடி 6 அங்குலம், அதாவது கோல் போஸ்ட்டின் அகலமே. அதனால் அங்கே பந்தை எங்கே வைத்தாலும் அது கம்பங்களின் நேருக்கு வெளியே இருக்காது. கல்லூரியில் ஹாஷில் இருக்கும் பந்து நடுவிலிருந்து 20 அடி தள்ளி. கம்பத்தைத் தாண்டி ஏறக்குறைய 11 அடி வெளியே. 40 யார்டு உதையில் கோணம் சுமார் 9 டிகிரி. 27 யார்டில் 14 டிகிரி. கிட்டே போகப் போகக் கோணம் மோசமாகும். 'இருபத்தேழு யார்டுகூட உதைக்கத் தெரியாதா' என்று கேட்பவர்கள் பந்து எந்த ஹாஷில் இருந்தது என்றும், தேர்ட் டவுனில் கோச் பந்தை நடுவுக்குக் கொண்டுவர ஒரு ஓட்டம் சொன்னாரா என்றும் பார்க்க வேண்டும். தூரம் கணக்கிட, பந்து இருக்கும் கோட்டோடு 17 கூட்டுங்கள்: எண்ட் ஸோன் 10, ஸ்னாப் 7. ஸ்னாப்பிலிருந்து உதை வரை சுமார் 1.3 நொடி. ஸ்னாப் தாழ்ந்தோ, பந்தைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர் அதன் தையலைத் திருப்பாமலோ போனால் அந்த 1.3 நொடியில் கிக்கர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ரீப்ளேயில் முதலில் ஹோல்டரின் கையைப் பாருங்கள்.

நடுவர்கள். சுருக்கமாகவே சொல்கிறேன், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற பேச்சுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆளைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டிங்கும், பாஸ் பிடிப்பவரைத் தவறாகத் தடுக்கும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸும் ரீப்ளேக்குப் போகாது, தலையைக் குறிவைத்து மோதும் டார்கெட்டிங் போகும். கல்லூரியில் டிஃபென்ஸ் செய்யும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு அதிகபட்சம் 15 யார்டுதான், 45 யார்டு தள்ளி நடந்தாலும். அதனால் பாஸ் பிடிக்கும் ரிசீவரைக் காவல் காப்பதில் தோற்றுப்போன கார்னர்பேக் அந்த எதிராளியின் கையைப் பிடித்து இழுப்பது பல சமயம் தெரிந்தே செய்யும் வியாபாரம். தவறைக் காட்டும் கொடி விழுந்ததே என்று நம் ஆளைத் திட்டும் முன், அவர் காப்பாற்றிய யார்டைக் கழித்துப் பாருங்கள்.

மறுபடி பார்க்கும்போது

வலி ஆற இரண்டு நாள் விட்டு, பதிவைப் போடுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், பந்து போன இடம் ஏற்கெனவே தெரியும். ஸ்னாப்புக்கு முன் நிறுத்தி, லைன் அருகே டிஃபென்ஸ் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நம் பக்கம் தடுக்க ஐந்து லைன்மேனும் லைன் ஓரத்தில் நிற்கும் ஒரு டைட் எண்டும், ஆக ஆறு பேர். எதிரே ஏழு பேர் நின்றால் ஒருவரைத் தடுக்க ஆளே இல்லை. அந்த ஓட்டம் நின்றதற்கு ஓடியவர் காரணம் அல்ல. ப்ளேயை மாற்றாதவர் காரணம். ஆறுக்கு ஆறு இருந்தும் ஓட்டம் நின்றுபோனால்தான் லைனைக் கேட்க வேண்டும். பிறகு பதிவை ஓடவிட்டு, லைனின் உட்பக்க ஆளான கார்டின் முதல் அடியை மட்டும் பாருங்கள். பின்னால் போகிறதா, பக்கவாட்டில் போகிறதா, எழும்பி நிமிர்ந்துவிடுகிறாரா. நிமிர்ந்துவிட்டால் அந்த ப்ளே அத்தோடு சரி.

சாக் விழுந்தால் யார் உள்ளே வந்தார் என்பதோடு எத்தனை பேர் வந்தார்கள் என்றும் எண்ணுங்கள். நான்கு பேர் வந்து ஐந்து பேர் தடுத்தும் விழுந்தால் லைன். ஆறு பேர் வந்து ஐந்து பேர் மட்டும் நின்றிருந்தால் குவார்ட்டர்பேக் பந்தை உடனே விட்டிருக்க வேண்டும். நான்கு நொடி நின்றும் விழுந்தால் ரிசீவர்கள் யாரும் பிரியவில்லை, அல்லது பிரிந்ததைக் குவார்ட்டர்பேக் பார்க்கவில்லை. இந்தக் கடைசி இரண்டையும் டி.வி. படத்தில் பிரிப்பது கஷ்டம். பின்வரிசைக் காவலர்களான சேஃப்ட்டிகள் டி.வி. படத்துக்கு வெளியே நிற்பார்கள். எண்ட் ஸோன் பக்கத்து ரீப்ளே காட்டினால் தவிர, இன்டர்செப்ஷனுக்கு யார் பொறுப்பு என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

கடைசி நிமிடத்தில் எதிரணி சுலபமாக இறங்கி வந்தால், நம் டிஃபென்ஸ் மூன்று பேரை மட்டும் குவார்ட்டர்பேக் மேல் அனுப்பி எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தினார்களா என்று பாருங்கள். முழு ஆட்டமும் நான்கு பேர் அழுத்தத்தில் திணறிய குவார்ட்டர்பேக்குக்கு திடீரென்று ஐந்து நொடி கிடைக்கும். எட்டுப் பேர் நின்றாலும் ஐந்து நொடி யாரையும் காவல் காக்க முடியாது.

இனி அந்தப் பெரிய கூச்சல்: கோச்சைத் துரத்து. துரத்தலாம், ரசீதைப் பார்த்துவிட்டு. டெக்ஸஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது பாக்கி சுமார் 7.6 கோடி டாலர். 2031 வரை ஓடும் ஒப்பந்தம், முழுத் தொகைக்கும் உத்தரவாதம். அவர் வேறு வேலை பார்த்தாலும் கழிவு கிடையாது. அதை எழுதிக் கையெழுத்திட்டது 2021-இல், வெற்றிக் களிப்பில். தோற்ற இரவில் கோச்சைத் திட்டுபவர்கள், ஜெயித்த டிசம்பரில் ஒப்பந்தத்தை நீட்டு என்று கத்தியவர்களே. 2025 ஜூலை முதல் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கே நேரடியாக, எல்லா விளையாட்டும் சேர்த்து முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம் என்று ஆன பிறகு, பழைய கோச்சுக்குப் போகும் ஒவ்வொரு டாலரும் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் கூர்மையான கேள்வி. பல சமயம் மாற்ற வேண்டியவர் ப்ளே சொல்லும் கோஆர்டினேட்டர். அவர் ஒப்பந்தம் இதில் ஒரு துண்டு.

எல்லாத் தோல்வியும் ஒரே நோயின் அறிகுறி அல்ல என்பதற்கு 2024 சீசன் ஒன்றே போதும். செப்டம்பர் 7: ஐந்தாம் இடத்து நோட்ரடாம், 14 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்த நார்தர்ன் இல்லினாயிடம் 16-14. முன்னிலையில் இருந்துகொண்டு நான்காவது குவார்ட்டரில் எறிந்த ஒரு நீண்ட பாஸ் இன்டர்செப்ட் ஆனது. 31 நொடி இருக்கும்போது நார்தர்ன் இல்லினாயின் 35 யார்டு ஃபீல்ட் கோல். பதிலுக்கு நோட்ரடாம் உதைத்த 62 யார்டு முயற்சி தடுக்கப்பட்டது. நவம்பர் 30: ஒஹாயோ ஸ்டேட், சொந்த மைதானத்தில், மிச்சிகனிடம் 13-10. தொடர்ந்து நான்காவது ஆண்டு. 26 ஓட்டத்தில் 77 யார்டு. 40 யார்டுக்குள் இரண்டு ஃபீல்ட் கோல் தவறியது. நாட்டிலேயே சிறந்த ரிசீவர்களை வைத்துக்கொண்டு, மிச்சிகனின் பலமே நடு லைன் என்று தெரிந்தும் அங்கேயே போய் முட்டினார்கள். கோச் ரயன் டேயை அன்றிரவே அனுப்பியிருப்பார்கள், ரசிகர் கையில் அதிகாரம் இருந்திருந்தால். ஜனவரி 20 அன்று தேசியப் பட்டத்துக்கு ஆடிய இரண்டு அணிகள் இவையே. ஒஹாயோ ஸ்டேட் 34-23.

இடையில் ஒஹாயோ ஸ்டேட் கோச்சை மாற்றவில்லை. மாற்றியது, முட்டிய இடத்தை. பிளேஆஃபில் டென்னஸிக்கு எதிராக முதல் சில நிமிடங்களிலேயே பந்து வெளியே, ரிசீவர்களிடம் போனது. 42-17. டென்னஸி ஒன்றும் மோசமான டிஃபென்ஸ் அல்ல.

ஆகவே திங்கட்கிழமைப் பேட்டியில் கோச் 'செயல்படுத்துவதில் தவறினோம்' என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அந்த வாக்கியத்தில் சத்து இல்லை. 'மூன்றாவது டவுனுக்கு அடிக்கடி நீளத் தூரத்தில் மாட்டினோம்', 'இடது பக்க ஸ்டண்ட்டைக் கைமாற்றவில்லை' (ஸ்டண்ட் என்பது டிஃபென்ஸ் ஆட்கள் இடம் மாறிப் பாய்வது) என்று குறிப்பாகச் சொன்னால் காதைக் கொடுங்கள். அந்த வாரத்தில், யார் முதலில் ஆடுவார் என்ற ஆள் வரிசை வெளிவந்தால், பெயருக்கு நடுவே 'அல்லது' என்ற சொல் எந்த இடத்தில் புதிதாக முளைத்திருக்கிறது என்று பாருங்கள். கோச் உண்மையில் யார் மேல் கோபமாக இருக்கிறார் என்பது அங்கே தெரியும்.

அடுத்த சனிக்கிழமை முதல் இரண்டு டிரைவ் போதும். முதல் டவுனில் எத்தனை முறை நான்கு யார்டுக்கு மேல், சாக் விழுந்த அந்தப் பக்கத்தில் நிற்பது யார், எதிரணி அதே ஸ்டண்ட்டைக் காட்டும்போது கார்டும் பக்கத்து லைன்மேனான டாக்கிளும் ஆளைக் கைமாற்றுகிறார்களா. அதே இருவர், அதே ஓட்டை, குவார்ட்டர்பேக் மறுபடி முதுகில் விழுந்து கிடக்கிறார் என்றால், அப்போது கத்துங்கள். கிக்கர் அதுவரை பக்கவாட்டில் வலைக்குள் உதைத்துக்கொண்டிருப்பார்; அவரை விட்டுவிடலாம்.